பழைய படங்களை வீடு சேர்க்கும் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்கும். வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஸ்கேனர் பழுதுபார்த்த செலவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. ஒரு மாதம் மட்டும் ஆள் சேராததால் கலைந்துபோனோம்.

சொந்தக்காரர் யாரென்று தெரியாத பழைய புகைப்படங்கள் இந்த ஆண்டு 14 வந்தன. 5 படங்கள் வீடு போய்ச் சேர்ந்தன. ஒன்றை அந்தக் குடும்பமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஏன் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. எடுத்த எடுப்பிலேயே படத்தை அனுப்பிவிடாமல், "இப்படி ஒரு படம் இருக்கிறது, பார்க்க விருப்பமா?" என்று மட்டும் கடிதம் எழுதும் நம் வழக்கம் சரியானது என்று அன்றைக்குத்தான் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மறக்க நினைத்த ஒருவரின் முகம் உறையைக் கிழித்ததும் வந்து விழுவது நல்லதல்ல. மீதி 8 படங்கள் பெட்டியில் இருக்கின்றன.

நனைந்த படங்களைக் காப்பது பற்றி ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினோம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து எடுத்த லட்சக்கணக்கான படங்களைக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்த கதையில் தொடங்கினோம். படத்தின் மேற்பூச்சில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் ஊறிக் குழையும், கிருமிகள் அதைத் தின்னும். ஒட்டிக்கொண்ட படங்களை உலர்ந்த பிறகு பிய்த்தால் இரண்டு படமும் போச்சு. வந்தவர்கள் குறைவுதான். வந்தவர்கள் கையை நனைத்துக் கற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு அசட்டுத்தனத்தையும் பதிவு செய்ய வேண்டும். கண்ணாடி நெகட்டிவ் ஒன்று வந்தது. தெருமுனை, ஒரு மாடி வீடு, வாசலில் நான்கு பேர். ஸ்கேன் செய்து அந்தத் தெருவைத் தேட ஆரம்பித்தோம். பழைய வரைபடங்கள் எதிலும் அப்படி ஒரு முனையே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு உறுப்பினர், "நான்கு ஆண்களுக்கும் சட்டைப் பொத்தான் பெண்கள் சட்டை மாதிரி மாறி இருக்கிறதே?" என்றார். நெகட்டிவைப் புரட்டிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறோம். பூச்சு இருக்கும் பக்கம் மங்கலாகவும், வெறும் கண்ணாடிப் பக்கம் பளபளப்பாகவும் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. இரண்டு மாதம் கண்ணாடிக்குள் இருந்த தெருவைத் தேடியிருக்கிறோம். சரியாகத் திருப்பியதும் தெரு கிடைத்துவிட்டது. வீடு இல்லை, ஆனால் குடும்பம் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது.

இனி நான் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். இதில் தவறு என்னுடையது என்பதால் நானே எழுதுகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர், உள்ளே இருந்த படத்துக்காக அல்ல, சட்டத்துக்காக (ஃபிரேம்) மட்டும் ஒரு பழைய படச்சட்டத்தை வாங்கினார். உள்ளே இருந்தது நிறம் வெளுத்த அச்சுப்படம் ஒன்று. பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புத் தாளை நீக்கி, துருப்பிடித்த சின்ன ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்தபோது, அச்சுப்படத்துக்கு முட்டுக்கொடுத்த அட்டை தனியாக வந்தது. திருப்பினால் அது ஒரு குடும்பப் படம். ஸ்டூடியோ அட்டையில் ஒட்டியது. நாற்காலியில் ஒரு பெரியவர், அவர் தோளைத் தொட்டபடி ஒரு சிறுமி, பக்கத்தில் ஒரு பையன், மடியில் ஒரு கைக்குழந்தை. கருமையான இடங்களில், ஓரத்தை ஒட்டி, நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தது. பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளி மேலே வந்து படிவதால் வருவது அது. அதைத் துடைக்கக் கூடாது.

அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயரும் மூன்றிலக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தன. பழைய தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டியதில், அந்த முகவரியில் அந்த எண் 1930களில் மட்டும் வருகிறது. ஆக, காலம் தெரிந்தது. பின்பக்கத்தில் நீல மையில் நான்கு வரிகள்: தாத்தா. அம்மா, 9 வயது. பெரிய மாமா. சின்ன மாமா. பெயர் ஒன்றுகூட இல்லை. இவற்றுக்குக் கீழே ஐந்தாவதாகச் சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. உரிமை கோரி வருபவரைச் சோதிக்க அதை வெளியில் சொல்லாமல் வைத்துக்கொண்டோம்.

நாங்கள் செய்தது இதுதான்: படத்தின் முன்பக்கத்தை மட்டும் பலருக்கும் காட்டினோம். சில வாரங்களில் ஒருவர் வந்தார். பெரியவரைப் பார்த்ததும் "எங்க தாத்தா" என்றார், பையனைக் காட்டி "இது எங்க அப்பா" என்றார். வேறொரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார், அதே நாற்காலி, அதே முகம். சந்தேகத்துக்கு இடமே இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுத்தேன். ஐந்தாவது வரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் கண் கலங்கியதைப் பார்த்தபின் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பையனை "பெரிய மாமா" என்று எழுதியவர் அந்தப் பையனின் பிள்ளையாக இருக்க முடியாது. "அம்மா, 9 வயது" என்று சிறுமியைக் குறித்திருக்கிறார். எழுதியவர் அந்தச் சிறுமியின் மகனோ மகளோதான். படம் இருந்தது மகள் வீட்டில், வந்தது மகன் வீட்டுப் பிள்ளை. உறவுமுறைச் சொல்லைப் போலத் துல்லியமான முகவரி வேறு உண்டா? ஆனால் அது படத்தில் இருப்பவரின் முகவரி அல்ல, எழுதியவரின் முகவரி. இன்னொன்று, அது பால்பாயிண்ட் எழுத்து. அந்தப் பேனா 1940களின் நடுவில்தான் விற்பனைக்கே வந்தது. ஆக, படம் எடுத்துச் சில வருடங்களாவது கழித்து, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. முகத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதிய கையைத் தேடியிருக்க வேண்டும்.

அந்தக் கை தானாகவே எழுதியது. எழுபதுகளில் இருக்கும் ஒரு அம்மையார் கடிதம் போட்டார். உறவினர் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தாராம். பின்பக்கம் தான் எழுதியது, பள்ளியில் படித்தபோது, அம்மா விரல் வைத்துக் காட்டக் காட்ட எழுதியது என்று குறிப்பிட்டிருந்தார். ஐந்தாவது வரியையும் எழுதியிருந்தார்: "பாட்டி வரவில்லை, கோபம்." நம்மிடம் இருந்த குறிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

படத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். நான் தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். "வேண்டாங்க, அவனும் பேரன்தானே. முன்பக்கம் என்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு. எனக்கு அந்தப் பின்பக்கம்தான் வேணும், அம்மா சொன்னது" என்றார். உடனே அந்த உறவினரைக் கூப்பிட்டேன். அவர் ஆசையாகப் புதுச் சட்டம் போட்டிருந்தார். சட்டம் போட்டவர் அட்டையை முழுப் பரப்பிலும் பசை தடவிப் பலகையில் ஒட்டிவிட்டார். பிரிக்கலாமா என்று பழைய காகிதங்களைச் செப்பனிடும் ஒருவரைக் கேட்டோம். எழுத்து இருக்கும் தாள்தான் முதலில் கிழியும் என்றார்.

முன்பக்கத்தை நாம் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்திருக்கிறோம். பின்பக்கத்தை ஸ்கேன் செய்யவில்லை. சட்டத்தைப் பிரித்த உறுப்பினர் அன்றைக்குத் தன் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் இருந்தது. சற்றுக் கோணலாக, ஓரத்தில் அவர் கட்டைவிரலும் குறடும் தெரிய. ஐந்து வரியும் படிக்க முடிகிறது. அதைத்தான் அச்சிட்டு அனுப்பினோம். கட்டைவிரலை வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார் அந்த அம்மையார்.

இதையொட்டிச் செயற்குழு எடுத்த முடிவுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். இனி எந்தப் படமானாலும் பின்பக்கமும் அதே தரத்தில் ஸ்கேன் செய்யப்படும். மங்கிய பென்சில் எழுத்து இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம் எடுக்கப்படும். உரிமை கோரி முதலில் வந்தவர் உண்மையான உறவாகவே இருந்தாலும், எழுத்து யாருடையது என்று விசாரிக்காமல் மூலப்படம் கைமாறாது. கொடுக்கும்போது, பசை, செல்லோடேப், பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறை, லேமினேஷன் எதுவும் கூடாது என்று ஒரு சீட்டும் சேர்த்துத் தரப்படும். பதிப்புரிமை பற்றியும் அந்தச் சீட்டில் ஒரு வரி வேண்டும் என்று வழக்கறிஞரான நம் உறுப்பினர் சொல்கிறார். படத்தாளைத் தருவதால் பதிப்புரிமையும் கைமாறிவிடாது என்பது அவர் சொல்வது. சரி, சேர்த்துவிடலாம்.

பெட்டியில் இருக்கும் 8 படங்களில் 3 படங்களின் பின்னால் எழுத்து இருக்கிறது. ஒன்றில் "இவர் யார் என்று அக்காவிடம் கேள்" என்று மட்டும். அதை எடுத்துக்கொண்டு தேட ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்