தேத்தண்ணியைத் தள்ளிவைத்தவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் ஊர் வாசிகசாலையில் நடந்த இரத்தச்சோகைப் பரிசோதனைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். "இரத்தம் காணாதாம்" என்று ஒரு போத்தல் டொனிக்கோடு முடிந்துபோகிற விசயத்தை, "ஏன் காணாது?" என்ற கேள்வி வரைக்கும் கொண்டுபோனவர்கள் நீங்கள்.

முதல் நன்றி விரல் குத்திய தாதியருக்கு. பார்க்க அது ஒரு நொடி வேலை. நடுவிரல் அல்லது மோதிரவிரல் நுனியில், நடுவை விட்டுச் சற்றுப் பக்கமாகக் குத்தவேண்டும். ஸ்பிரிற் காயும்வரை பொறுக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று துளிகளைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்கவேண்டும். இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் தசைநீர் கலந்து, சுகமாயிருக்கிறவருக்கும் சோகை என்று காட்டிவிடும். துளி ஏறும் சின்னத் தகட்டில் காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்குப் பிழைக்கும். பாதி நிரம்பிய தகட்டை எறிந்துவிட்டுப் புதிதை எடுத்தார்களே, அது வீண்செலவு அல்ல. கை குளிர்ந்திருந்த முதியவர்களுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்த தம்பிமாருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

கேள்வி மேசையில் இருந்த அக்காமாரே, உங்கள் வேலைதான் கடினம். களைப்பு ஆருக்கு இல்லை? அதை மட்டும் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. முன்பு நில்லாமல் ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்குதா, படுக்கையால் எழும்பத் தலை சுத்துதா, சும்மா இருக்க நெஞ்சு படபடக்குதா, கடைவாய் வெடிக்குதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டீர்கள். பச்சையரிசி, ஐஸ்கட்டி, சோக்கு, மண் தின்ன ஆசை வருமா என்ற கேள்விக்குச் சிரித்தவர்கள் பலர். இரும்புச்சத்துக் குறைவின் நல்ல துப்பு அது. நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்ததும் அப்படித்தான். கரண்டிபோல் குழிந்த நகத்தில் சொட்டு வழியாமல் நிற்கும். கீழ் இமை வெளிறலை மட்டும் நம்பக்கூடாது, இலேசான சோகை அதில் தெரியாது. மாதவிடாய் பற்றித் திரைக்குப் பின்னால் கேட்டது சரியான முடிவு. ஏழு நாளுக்கு மேல் நீள்வது, மணிக்கொருதரம் பாட் மாற்றவேண்டி வருவது, கட்டி கட்டியாகப் போவது எல்லாம் வைத்தியரிடம் சொல்லவேண்டியவை.

அளவைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிய ஆசிரியர்களுக்கு நன்றி: இரத்தத்தின் ஈமோகுளோபின் (ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்புப் புரதம்) ஒரு டெசிலீற்றருக்கு ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை.

ஆய்வுகூடத்தாருக்கு ஒரு தனி நன்றி. ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை உடனே எட்டுத்தரம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் உறைந்து வீணாகும்; குலுக்கினால் கலங்கள் உடையும். ஒரு குழாய்கூடத் திரும்பி வரவில்லை. சிவப்பணுவின் சராசரி அளவு (அறிக்கையில் MCV) 80இற்குக் கீழ் என்றால் இரும்புக் குறைவாக இருக்கலாம், பரம்பரையாய் வரும் தலசீமியாக் கூறாகவும் இருக்கலாம். பின்னதற்கு இரும்புக் குளிசையை வருடக்கணக்கில் விழுங்கினாலும் அந்த அளவு ஏறாது. அதனால் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் பெரிற்றினையும் பார்க்கச் சொன்னீர்கள். அது 15இற்குக் கீழ் என்றால் இரும்புக் கையிருப்பு முடிந்துவிட்டது. ஆனால் காய்ச்சல், அழற்சி இருந்தால் அது பொய்யாய்க் கூடிக் காட்டும். அணு 100இற்கு மேல் பெருத்திருந்தால் பி12, போலேற் என்ற விற்றமின்களின் குறைவைத் தேடவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மரக்கறி என்றால் பி12 குறையாது, ஈரலில் வருடக்கணக்கான சேமிப்பு உண்டு. முட்டை, பால்கூடத் தொடாமல் ஆண்டுகளாய் இருப்பவர்களும், நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுமே பார்க்கவேண்டியவர்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று தேடாமல் விடக்கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் குளிசையும் அதைச் செய்யும். குடலில் இரத்தம் உறிஞ்சும் கொழுக்கிப்புழு இன்னும் காரணப் பட்டியலில் உண்டு. மலேரியாவுக்கு மட்டும் கோடு போடலாம், 2016இலேயே இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது.

குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவுக்கு: கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் ஒரே பையில் வருவதால் பலர் ஒன்றாய் விழுங்கிவிடுகிறார்கள். கல்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. இரண்டையும் வேறு வேறு உறையில் போட்டு, சூரியனும் சந்திரனும் கீறிக் கொடுத்தீர்கள், எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கியது. மலம் கறுத்தால் பயமில்லை என்றும், குளிசை போடாமலே தார்போலக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்றும் சொன்னது அதைவிடப் பெரிது.

சமையலில் நின்ற மாமிமாரே, முருங்கையிலை வறையும் கௌபியும் நெத்தலிக் குழம்பும் முடிந்த கையோடு தேத்தண்ணி கேட்டவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணி கொடுத்துப் பேச்சும் வாங்கினீர்கள். தேயிலை இரும்பைக் கட்டிவிடும், தேசிக்காய் உறிஞ்ச உதவும். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது.

மண்டபத் திறப்புத் தந்தவர், கூலி வாங்காத ஓட்டோக்காரர், குத்தூசிப் பெட்டியைப் பத்திரமாய்க் கொண்டுபோய் ஒப்படைத்தவர், எல்லோருக்கும் நன்றி.

குளிசை தொடங்கியவர்கள் நாலு கிழமையில் மறுபடி வரவேண்டும். அதற்குள் ஈமோகுளோபின் 1 கிராமாவது ஏறாவிட்டால் குளிசை ஒழுங்காய்ப் போகவில்லை, அல்லது காரணம் வேறு. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் நிறுத்தக்கூடாது. அந்த நாளுக்கும் இதே ஆட்களைத்தான் கேட்டு வருவோம், கதவை மூடிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முகாம் ஏற்பாட்டுக் குழுவினர்,
யாழ்ப்பாணம்