அமாவாசைக்கு ஒளிந்துகொண்ட எட்வர்டுக்கு

எட்வர்ட்,

உன்னை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று யோசித்ததிலேயே அரைநாள் போய்விட்டது. 1901ல் பிறந்த ஆள் நீ. கணக்குப்படி எனக்குக் கொள்ளுத்தாத்தா முறை. ஆனால் 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்த உன்னை காட்டேரி டாக்டர் கார்லைல் கடித்து, தன்னைப்போலவே காட்டேரியாக்கிப் பிழைக்கவைத்தபோது உனக்கு வயது 17. அன்றோடு நின்றுவிட்டது. பதினேழு வயதுப் பையனை யார் நீங்கள் என்பார்கள்? அதுவுமில்லாமல் கோபத்தில் இருக்கிறவர்களுக்கு மரியாதை நாக்கில் வராது. நீ என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் கதையைச் சொல்லும் ஸ்டெஃபனி மேயரின் காட்டேரிக் காதல் நாவல் 'ட்விலைட்' 2005ல் வந்தது, இரண்டாம் பாகமான 'நியூ மூன்', அதாவது அமாவாசை, அடுத்த வருடமே. இரண்டையும் நீ காதலித்த மனுஷப் பெண் பெல்லாவின் வயதில் படித்தேன். அப்போது இரண்டாம் பாகத்தை நான் படித்த முறையே வேறு. உன் பெயர் எங்கே வருகிறது என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், இத்தாலியில் உன்னைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விட்டேன். நடுவில் இருந்த, பெல்லாவின் நண்பன் ஜேக்கப்பெல்லாம் எனக்கு ரயில் நிற்காத ஸ்டேஷன். போன வாரம் ஒரு வரி விடாமல் திரும்பப் படித்தேன். ஏமாற்றம் இப்போதும் இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. அன்றைக்கு நீ போனதற்காகக் கோபம். இன்றைக்கு நீ திரும்பி வந்த லட்சணத்துக்கு.

முதல் பாகம் பிடித்ததற்கு நீ அழகாக இருந்தது மட்டும் காரணமில்லை. சரி, அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் காதலுக்கு ஒரு விலை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ரத்த வாசனையே உனக்கு எமன். உயிரியல் வகுப்பு முடிகிறவரை கை முட்டியை இறுக்கிக்கொண்டு, நாற்காலியின் ஓரத்துக்கே தள்ளிப்போய் உட்கார்ந்திருப்பாய். தொட்டால் கெட்டது. காட்டேரிக் காதல், பேய்க் காதல் எல்லாவற்றுக்கும் உயிர்நாடி இந்தத் 'தொடக்கூடாது'தான். வேதாளக் கதையை எடுத்துக்கொள். விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறிவிடும். அந்த ஒரு விதி இருப்பதால்தான் அத்தனை கதையும் நிற்கிறது. நடுவில் ஒருநாள் வேதாளம் இரக்கப்பட்டு, பரவாயில்லை, பேசு என்று தோளிலேயே உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கேட்க யார் இருப்பார்கள்?

இரண்டாம் பாகம் அந்த விதியை வைத்துத்தான் தொடங்குகிறது, பிரமாதமாகவும் தொடங்குகிறது. செப்டம்பர் 13, பெல்லாவுக்கு 18. கனவில் பாட்டியைப் பார்க்கிறாள். பார்த்தால் அது கண்ணாடி, கிழவியானது அவளேதான். அந்த முகவாட்டத்தோடுதான் விடிகிறது. உன் காட்டேரிக் குடும்பத்துச் சகோதரி ஆலிஸ் விடாப்பிடியாக விருந்து வைக்கிறாள். பரிசைப் பிரிக்கும்போது காகித ஓரம் விரலைக் கீறிவிடுகிறது. ஒரே ஒரு சொட்டு. அதே குடும்பத்து ஜாஸ்பர் ரத்த வாசனைக்குப் பாய்கிறான். அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நீ தள்ளிய தள்ளில், மேசையோடு சரிந்து உடைந்த கண்ணாடித் தட்டுகள்மேல் விழுகிறாள். சொட்டாக இருந்தது கை முழுக்க ரத்தமானது உன்னால். அப்புறம் சமையலறையில் கார்லைல் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தையல் போடுகிறார். நீ மூச்சை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விடுகிறாய்.

இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். காப்பாற்றுவதற்காக நீ தள்ளுகிறாய், அவள் கண்ணாடிமேல் விழுகிறாள். மீதி முழுப் புத்தகமும் இந்த ஒரு தள்ளுதான். எழுதிய கைக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது என்று நம்பித்தான் மேலே போனேன்.

மூன்றாவது அத்தியாயத்துக்குப் பெயரே 'முடிவு'. வீடு இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மரங்களுக்கு நடுவே நிறுத்தி, நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறோம், நீ எனக்கு வேண்டாம் என்றாய். நான் இருந்ததே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வாக்கு வேறு. நீ யார் என்பதைத் தன் புத்தியால் கண்டுபிடித்த பெண், அந்தப் பொய்யை மறுகேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறாள். பொய் சொல்லிப் பிழைப்பதில் உனக்கு எண்பது வருடத்துக்கு மேல் பழக்கம், அவள் பாவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வரும் நான்கு பக்கங்களுக்காக இந்தப் புத்தகத்துக்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம். அக்டோபர் என்று ஒரு பக்கம். நவம்பர். டிசம்பர். ஜனவரி. மாதத்தின் பெயரைத் தவிர வேறொரு எழுத்து கிடையாது. முதல் தடவை அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். இந்தத் தடவை அக்டோபரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. இங்கே பேச்சே அற்றுப்போய்விட்டது. அமாவாசை என்று தலைப்பு வைத்ததற்கு இந்த நான்கு பக்கமும் பொருத்தம்.

பிறகு ஜேக்கப். பதினாறு வயது. தூக்கி எறியக் கிடந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களை பெல்லா அவனிடம் கொண்டுபோகிறாள். ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கோக்கிறான். அவள் வண்டி ஓட்ட ஆசைப்படுவது ஆபத்தில் மாட்டினால் உன் குரல் காதில் கேட்கிறது என்பதற்காக. அந்தக் குரல் சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அந்த ஷெட்டில் நடப்பது நிஜம். யாரும் யாரையும் குணப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒரு பையன் ஸ்பானர் பிடிக்கிறான், ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருநாள் அவளுக்கே தெரியாமல் சிரித்துவிடுகிறாள்.

அவன் ஓநாயான பிறகும் பார். நடந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்று ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் சாம் போட்ட கட்டளை. ஜேக்கப்பின் வாய் நிஜமாகவே கட்டிப்போகிறது. ராத்திரி ஜன்னல் வழியாக ஏறி வந்து, உனக்கே தெரியும், நான் முன்னால் சொன்ன பழங்கதையை ஞாபகப்படுத்திப் பார் என்று கெஞ்சுகிறான். அவளுக்கோ அந்தக் கதையில் காட்டேரிகள் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, ஓநாய்களை மறந்துவிட்டாள். ஊமை கண்ட கனவு என்போமே, அதேதான். அந்த விதியை அவன் மீறவும் இல்லை, அதற்குப் பின்னால் ஒளியவும் இல்லை. முதல் பாகத்தில் நீ இப்படித்தான் இருந்தாய். அதனால்தான் உன்னைப் பிடித்தது.

இருபதாவது அத்தியாயத்தில் நீ திரும்பவும் கண்ணுக்குத் தெரிகிறாய். எப்படி? ஒரு போன் காலால். அவள் பாறையிலிருந்து கடலில் குதித்ததை, வருவது மனக்கண்ணில் தெரிகிற ஆலிஸ் காட்சியாகப் பார்க்கிறாள், உன் இன்னொரு சகோதரி ரோசலி அதைச் செத்துவிட்டாள் என்று உனக்குச் சொல்கிறாள், நீ அவள் வீட்டுக்குப் போன் போடுகிறாய், ஜேக்கப் எடுக்கிறான், அவள் அப்பா சவ அடக்கத்தில் இருக்கிறார் என்கிறான். யாருடைய அடக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? உடனே இத்தாலியின் வோல்டெர்ராவில் நடுப்பகல் வெயிலில் சட்டையைக் கழற்றி நின்று, காட்டேரி என்று ஊருக்கே காட்டிக்கொடுத்து, காட்டேரிகளை ஆளும் வோல்டூரிகள் கையால் சாகலாம் என்று கிளம்பிவிட்டாய். இது ரோமியோ ஜூலியட் மாதிரி என்று முதல் அத்தியாயத்திலிருந்தே எங்களுக்குக் கோடு காட்டியாயிற்று, தெரியும். ஆனால் ரோமியோ செத்தான். செத்ததால்தான் அந்தத் தவறான தகவலுக்கு ஒரு கனம் வந்தது. நீ ஒரு கீறல் இல்லாமல் விமானம் ஏறி வந்துவிட்டாய். பிரிந்திருந்த அந்த ஆறு மாதம் என்ன செய்தாய் என்றால் எதிரிக் காட்டேரி விக்டோரியாவைத் தேடினேன், தப்பான தடத்தில் பிரேசில் வரை போய்விட்டேன் என்கிறாய். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், மன்னித்துவிடு.

எனக்குத் தாங்காதது அந்தத் தரைப்பலகைதான். போகும்போது அவளிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாய் என்று நினைத்திருந்தோம்: போட்டோக்கள், நீ வாசித்துப் பதிவுசெய்து கொடுத்த சிடி, பரிசாக வந்த விமான டிக்கெட். கடைசியில் பார்த்தால் எல்லாம் அவள் அறையிலேயே, தரைப்பலகைக்கு அடியில். படிக்கிறவர்கள் உருகவேண்டிய இடம் இது. அந்த வயதில் நானும் உருகினேன். இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒவ்வொரு ராத்திரியும் அவள் அலறிக்கொண்டு விழித்த அதே அறை. அவள் காலுக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. உனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நான்கு பக்கங்களை எனக்கு உயர்த்திக் காட்டிய புத்தகம், தன் கையாலேயே அவற்றை மலிவாக்கிவிட்டது. எதுவும் தொலையவே இல்லையாம். அப்படியானால் அவள் எதற்காக அழுதாள்?

ஒரே ஒரு இடத்தில் மனசு ஆறியது. தன்னைக் காட்டேரியாக மாற்றலாமா என்று உன் வீட்டுக்கே வந்து ஓட்டுக்கு விட்டாள் பாரு, அங்கே. செப்டம்பரில் நீ ஒற்றை ஆளாக முடிவெடுத்து முழுக் குடும்பத்தையும் ஊரைவிட்டுக் கிளப்பினாய். இங்கே உனக்கும் ஒரு ஓட்டுதான். நீயும் ரோசலியும் வேண்டாம் என்றீர்கள், மற்ற ஐந்து பேரும் சரி என்றார்கள். தோற்றாய். தோற்ற கையோடு, மாற்றவேண்டும் என்றால் முதலில் என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று நிபந்தனை போட்டுவிட்டாய். கெட்டிக்காரன்.

2020ல் 'மிட்நைட் சன்' வந்தபோது ஆசையாக வாங்கினேன். முதல் பாகத்தையே உன் வாயால் சொல்லியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. குனிந்து பலகையைத் தூக்கி, அதையெல்லாம் உள்ளே வைத்து, மூடிவிட்டு எழுந்த அந்த நிமிடத்தில் உன் மனசில் என்ன ஓடியது? அதை எழுதியிருந்தால் ஒருவேளை உன்னை மன்னித்திருப்பேன்.

முடிவுரையில் ஜேக்கப் ஒரு சின்னப்பிள்ளைத்தனம் செய்கிறானே. பெல்லாவின் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து அவள் அப்பா கண்ணில் படுகிற மாதிரி வீட்டு வாசலில் நிறுத்திவிடுகிறான். அவளை வெளியில் விடமாட்டார்கள், உன்னோடு சுற்ற முடியாது என்பது கணக்கு. அல்பமான வேலைதான். ஆனால் அவன் தன் வயித்தெரிச்சலைத் தியாகம் என்று பெயர் மாற்றி நடுவாசலில் வைக்கவில்லை. வண்டியைத்தான் வைத்தான். பிறகு காட்டுக்குள் அவனைப் பார்த்து, அவளை உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி என்றாய். மனதாரத்தான் சொன்னாய், இல்லையென்று சொல்லமாட்டேன்.

கறிவேப்பிலைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, எட்வர்ட். நீ சொன்னாய். சொல்லிவிட்டு எடுத்து ஓரமாக வைத்தாய்.