ஆறரைக் கட்டையும் நீ வாங்கிய அடியும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் எழுதத்தான் இவ்வளவு நாள். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்ப்பதாக எழுதியிருந்தாய். தேய், வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே ஒரு நல்ல டாக்டரையும் பார். இங்கே எல்லாரும் நலம். முற்றத்து முருங்கை இந்த வருஷக் காற்றுக்கு விழுந்துவிட்டது. அதைத் தவிர பெரிய செய்தி ஒன்றும் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பேத்தி கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். போன மாதம் அவள் நோட்டைத் திறந்து, ஸ்வரம் எழுதுகிற ஐந்து கோட்டின் தொடக்கத்தில் இருந்த ஒரு குறியைக் காட்டி, "தாத்தா, இது என்ன?" என்றாள். பார்த்தால் ஆங்கிலச் சின்ன 'பி' எழுத்து, கொஞ்சம் பட்டினி கிடந்ததுபோல வயிறு ஒட்டி, கீழே கூர்மையாக. "பி எழுத்தும்மா" என்றேன், நானும் ஆர்மோனியம் வாசித்தவன் என்ற கெத்தில். அவள் சிரித்தாள். "இது ஃப்ளாட், தாத்தா. இந்தக் கோட்டில் வருகிற ஸ்வரத்தை அரை கட்டை இறக்கி வாசிக்க வேண்டும் என்று அர்த்தம்" என்றாள். எந்த ஸ்வரத்தை என்று கேட்டேன். "பி" என்றாள். அப்படியென்றால் பி ஃப்ளாட். கறுப்புக் கட்டையைத் தொட்டுக் காட்டினாள். வெள்ளைக் கட்டைகளை சி-யில் தொடங்கி ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவோமே, அதில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற கறுப்பு, நம் கணக்கில் ஆறரைக் கட்டை.

பி ஃப்ளாட். இந்த வார்த்தையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. உன் டிரம்பெட் நோட்டுத்தாளின் தலையில் அச்சடித்திருந்தது, 'டிரம்பெட் இன் பி ஃப்ளாட்' என்று. அதைப் பார்த்து நாம் என்ன நினைத்தோம், மறந்துவிட்டாயா? ஏ கிரேடு டிரம்பெட் வாங்கப் பணமில்லாமல் பள்ளிக்கூடம் பி கிரேடு வாங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னோமே!

1979 ஆண்டு விழா உனக்கு மறந்திருக்காது. நான் காலைப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம், நீ அணிவகுப்புக்கு டிரம்பெட், இரண்டும் அதுவரை ஒன்றாக ஒலித்ததே இல்லை. விழாவுக்கு முதல் நாள் மதியம்தான் கடவுள் வாழ்த்துக்கு இரண்டையும் சேர்க்கலாம் என்று யாருக்கோ யோசனை வந்தது. "உனக்கு ஸ எங்கேடா?" என்று நான் கேட்டேன். "சி" என்றாய். சி என்றால் ஒரு கட்டை, ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை. எனக்கும் அதுதான். கைகுலுக்காத குறையாக ஒத்துக்கொண்டு ஆரம்பித்தோம். முதல் வரியிலேயே தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி ஆனது. மாற்றி வாசித்தோம், மறுபடி வாசித்தோம், அதே கதை. பேண்டு மாஸ்டர் வந்தார், இரண்டு நிமிஷம் கேட்டார், "ஃப்ளாட்டா ஊதுறடா" என்று உன் முதுகில் இரண்டு வைத்தார். ஆர்மோனியம் தப்பு செய்யாது, அது பெட்டி, அதனால் தப்பு உன் வாயில்தான் என்று தீர்ப்பு. மறுநாள் நான் மட்டும் வாசித்தேன், நீ மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கினாய்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லையடா. நாற்பத்தைந்து வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். டிரம்பெட்டில் வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் அந்தக் குழாய் தன் இயல்பில் கொடுப்பது பி ஃப்ளாட். சுருட்டி வைத்திருக்கிற குழாயை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும், அந்த நீளத்துக்கு அந்த ஸ்வரம். ஆனால் வாசிக்கிறவன் தாளில் அதை 'சி' என்றுதான் எழுதிவைப்பார்கள். காரணம், சின்னக் குழாய், பெரிய குழாய் என்று வாத்தியம் மாறினாலும் விரல் பழக்கம் மாறக்கூடாது, தாளில் சி என்று பார்த்தால் அதே விரல், எந்த ஒலி வரவேண்டும் என்பதைக் குழாய் பார்த்துக்கொள்ளும். ஆக நீ சி என்று ஊதியது எல்லாம் ஆறரைக் கட்டையில் ஒலித்தது, நான் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தேன், நடுவில் முழுதாக ஒரு ஸ்வர இடைவெளி. நான் ஆறரைக்கு இறங்கியிருக்கலாம், அல்லது நீ எல்லாவற்றையும் ஒரு ஸ்வரம் ஏற்றி, சி-க்குப் பதில் டி-யிலிருந்து தொடங்கியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அதைச் சொல்லித்தர வேண்டியவரே அடித்தார்.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த 'ஃப்ளாட்' என்ற சொல்தான். ஆங்கிலத்தில் அது இரண்டு வேலை பார்க்கிறது. பி ஃப்ளாட் என்றால் ஒரு இடம், கறுப்புக் கட்டை, அங்கே போய் நின்றால் சரியான ஸ்வரம். "ஃப்ளாட்டாகப் பாடுகிறாய்" என்றால் குற்றம், இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்குகிறாய் என்று அர்த்தம். நாம் இரண்டாவதற்குச் சுருதி இறங்கிவிட்டது என்போம், முதலாவதை அப்படிச் சொல்லமாட்டோம். அந்த மாஸ்டருக்கு இரண்டும் ஒன்றாகப் போய்விட்டது, அல்லது தாளின் தலையில் இருந்ததை அவரும் படிக்கவே இல்லை.

அப்புறம் இந்தக் குறி எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன், படித்தால் நிறுத்த முடியவில்லை. அது உண்மையிலேயே பி எழுத்துதான்! பேத்தியிடம் போய்ச் சொன்னேன், தாத்தா சொன்னது பாதி சரி என்று. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இத்தாலியில் கீதோ என்ற துறவி தேவாலயப் பாடகர்களுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஏழு ஸ்வரத்தில் பி ஒன்றுக்கு மட்டும் இரண்டு நிலை வைத்திருந்தார்கள். ஒன்றை வட்டமாக எழுதுவார்கள், ஒன்றைச் சதுரமாக எழுதுவார்கள். வட்ட பி கீழே இருப்பது, அதற்கு லத்தீனில் 'மென்மையான பி'. சதுர பி மேலே இருப்பது, அது 'கடினமான பி'. வட்டம்தான் இன்றைய ஃப்ளாட் குறி. சதுரம் காலப்போக்கில் கோணலாகிக் கோணலாகி, ஃப்ளாட்டை நீக்கும் குறியாகவும் அரை கட்டை ஏற்றும் ஷார்ப் குறியாகவும் பிரிந்துவிட்டது.

ஏன் பி-க்கு மட்டும்? இதை உன் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார் (மருமகள் பஜனைக்கு வாங்கியது இருக்கிறது என்று எழுதினாயே). நாலு கட்டையில் ஸ வை. ஐந்து ரி, ஆறு க. அடுத்து ம வேண்டும். வெள்ளைக் கட்டையிலேயே போனால் ஏழு, அது பிரதி மத்திமம், ம-வின் மேல் நிலை. அந்தத் துறவிகளுக்கு நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று முழு இடைவெளி காதைக் குத்தியது, ஆகாது என்று ஒதுக்கினார்கள், ஏழை அரை கட்டை இறக்கி ஆறரை ஆக்கினார்கள், ம-வின் கீழ் நிலையான சுத்த மத்திமம் வந்தது. ஆறரையை வைத்துக்கொண்டால் சங்கராபரணம். ஏழிலேயே நின்று வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் என்ன தெரியுமா? கல்யாணி! அவர்கள் பயந்து ஓடின இடத்தில் நாம் கல்யாணி பாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பேத்தியின் நோட்டில் ஒரே ஒரு ஃப்ளாட் போட்டிருந்ததும் இதே எஃப் மேஜருக்குத்தான், அதாவது நாலு கட்டை சங்கராபரணம்.

'மென்மை' என்ற சொல்லைக் கவனி. இத்தாலிக்காரர்கள் ஃப்ளாட்டை இன்றைக்கும் 'பெமோல்லே' என்கிறார்கள், மென்மையான பி. பிரெஞ்சில் 'பெமோல்', சொன்னதைக் கொஞ்சம் தணித்துச் சொல்வதற்கும் அவர்கள் "ஒரு பெமோல் போடு" என்பார்களாம். வடக்கே இந்துஸ்தானியில் கோமள், அதுவும் மென்மைதான், எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டால் கோமள ஸ்வரம். அப்புறம் நம்மிடம் வா. ஏழு ஸ்வரத்தையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழிசைக்காரர்கள் சொல்லும்போது, கீழே இருப்பதை மென்துத்தம், மேலே இருப்பதை வன்துத்தம், மென்தாரம், வன்தாரம் என்று பிரிக்கிறார்களே, அதே மென்மை, அதே வன்மை. இவர்களும் அவர்களும் பேசி வைத்துக்கொண்டார்களா என்ன. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆங்கிலம்தான் 'தட்டை' என்று சப்பென்று பெயர் வைத்திருக்கிறது.

நம் கட்டைக் கணக்கில் இன்னொரு வேடிக்கை. நமக்கு எப்போதும் அரை கூடும், குறையாது. அதே கறுப்புக் கட்டையை மேல்நாட்டுக்காரன் ஒரு சமயம் ஏழுக்கு அரை குறைவு என்பான், ஒரு சமயம் ஆறுக்கு அரை அதிகம் என்பான், பாட்டுக்குத் தகுந்தபடி பெயர் மாறும். நாம் ஆறரை என்று முடித்துவிடுவோம். மூன்றரைக் கட்டை கிடையாது, ஏழரையும் கிடையாது, அங்கே கறுப்பே இல்லை. ஏழரை நமக்குச் சனிக்கு மட்டும்தான். அதற்காக ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் நமக்குத் தெரியாதது என்று நினைத்துவிடாதே. நாட்டை ராகத்தில் ஷட்சுருதி ரிஷபம் என்று ரி-யாகப் பாடுகிற அதே இடம் கரகரப்பிரியா ராகத்தில் சாதாரண காந்தாரம், அதாவது க. பன்னிரண்டு இடத்துக்குப் பதினாறு பெயர் வைத்தவர்கள் நாம்.

ஜெர்மானியர்கள்தான் எல்லாரையும் மிஞ்சினார்கள். சதுர பி-யைப் பார்த்து அது 'ஹெச்' மாதிரி இருக்கிறதே என்று ஹெச் என்றே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு பி என்றால் நம் ஆறரை, ஹெச் என்றால் ஏழு. இதனால் பாஹ் என்ற அவர்கள் இசையமைப்பாளர் தன் பெயரின் நாலு எழுத்தையும் (பி, ஏ, சி, ஹெச்) ஸ்வரமாக எழுத முடிந்தது. ஆறரை, ஆறு, எட்டு (ஏழுக்கு மேலே வருகிற சி), ஏழு என்று வாசித்துப் பார், அதுதான் அந்த ஆளின் கையெழுத்து. அவர் 1750-இல் இறந்தபோது முடிக்காமல் விட்ட ஒரு ஃபியூகில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிற உருப்படி) இந்த நாலு ஸ்வரமும் வருகிறது. எனக்கு அது அழகான மெட்டாகப் படவில்லை. நாலும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலு பேர் மாதிரி. ஆனால் பெயர் என்று தெரிந்தபின் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

எண்ணில் வேண்டுமென்றால் இதோ. ஆறு கட்டையை, அதாவது ஏ-யை, நொடிக்கு 440 அதிர்வு என்று 1939-இல் லண்டனில் கூடிப் பேசி வைத்தார்கள். அதிலிருந்து அரை கட்டை இறக்கினால் 415 சொச்சம், அது ஏ ஃப்ளாட். பாஹ் காலத்துச் சங்கீதத்தை இப்போது பழைய பாணியில் வாசிக்கிற குழுக்கள் பல அந்த 415-ஐயே ஏ என்று வைத்துக்கொள்கின்றன. ஒருவனுக்கு ஏ, இன்னொருவனுக்கு ஏ ஃப்ளாட். உனக்கு சி, எனக்கு ஆறரை. உன் முதுகுக்கு நியாயம் கிடைக்க இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒன்று கேட்க மறந்தேன். டிரம்பெட்டில் இரண்டாவது வால்வை அழுத்தினால் ஸ்வரம் அரை இறங்கும், முதல் வால்வுக்கு ஒன்று, மூன்றாவதற்கு ஒன்றரை என்று படித்தேன். காற்று அதிகத் தூரம் சுற்றிவருவதால் இறங்குகிறது. உனக்கு இது கையில் தெரிந்திருக்கும், அந்த வயதில் எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுருதி கொஞ்சம் பிசகுமாமே, அதை எப்படிச் சமாளித்தாய்? எழுது.

பேத்தியிடம் தோடி ராகத்தின் காந்தாரத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். கறுப்புக் கட்டையை அமுக்கினாள், அது ஆடாமல் அசையாமல் அங்கேயே நின்றது. "அது நிற்கிற ஸ்வரம் இல்லை கண்ணு, அசைகிறது" என்று பாடிக்காட்டினேன், என் குரல்தான் உனக்குத் தெரியுமே, அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அந்த டிரம்பெட் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது, தெரியும். ஆனால் வேலைக்குச் சேர்ந்ததும் சொந்தமாக ஒன்று வாங்கினாயே, அது இன்னும் பரணில் கிடக்கிறதா, பழைய பித்தளைக்காரனிடம் போட்டுவிட்டாயா? இருந்தால் வால்வுக்கு எண்ணெய் விட்டு வை, மூட்டுக்குத் தேய்க்கிற எண்ணெயை விட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. பழைய ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை பேசவில்லை, நல்லவேளை ஆறரை பேசுகிறது. நீ உன் சி-யிலேயே ஊது, நான் ஆறரையில் பிடித்துக்கொள்கிறேன். கடவுள் வாழ்த்து உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா?

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு
சண்முகம்