அது போலிஸ் கொடி இல்லீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல, சிறையிலேர்ந்து வெளிய வந்தவங்களுக்கு ஆதரவா நடக்கற மஞ்சள் ரிப்பன் ஓட்டத்தைப் பத்தி வந்த செய்தியப் படிச்சேன். செய்தியில ஒரு குறையும் இல்ல, எழுதின தம்பி நல்லாவே எழுதியிருந்தாரு. ஆனா பக்கத்துல போட்ட படத்துக்குக் கீழ "துறைக் கொடியுடன் போலிஸ் அதிகாரிகள்"னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சாப்பாடே இறங்கல. ஐயா, அது போலிஸ் கொடி இல்ல. அது எங்க கொடி. சிறைத்துறைக் கொடி.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. நம்ம சிங்கப்பூர் போலிஸ் சின்னத்துல கீழ சுருள்ல "போலிஸ் ரெபப்ளிக் சிங்கப்பூரா"ன்னு மலாய்ல எழுதியிருக்கும், இந்த ஊர்ல பொறந்த சின்னப் புள்ளைக்கும் அது தெரியும். உங்க படத்துல அந்த எழுத்து எங்க இருக்கு? படத்தக் கொஞ்சம் பெருசாக்கிப் பாத்திருந்தா போதும், அரை நிமிஷ வேலை. போலிஸ் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, என் தம்பி மகனே போலிஸ்லதான் இருக்கான். ஆனா அவன் தோள்ல இருக்கறது அவனோட பேட்ஜ், என் தோள்ல இருந்தது என்னோட பேட்ஜ்.

நான் 1979ல வேலையில சேந்தேன். 1977ல ஆபரேஷன் ஃபெரட் நடத்தி ஹெராயின் எடுக்கறவங்கள கூட்டம் கூட்டமா பிடிச்சிட்டு வந்தாங்களே, அதுக்கப்புறம் டிஆர்சி, அதான் போதை மறுவாழ்வு நிலையம் எல்லாம் நிரம்பி வழிஞ்ச காலம். மருந்து கிடையாது, கோல்ட் டர்க்கிதான், போதைய ஒரேயடியா நிறுத்திட்டு வர்ற வேதனைய அப்படியே தாங்கிக்கணும். நைட் டூட்டியில ஒரு பையன், இருபது வயசுகூட இருக்காது, உடம்பெல்லாம் நடுங்கி வாந்தி எடுத்து, "அண்ணே என்னக் கொன்னுடுங்கண்ணே"ன்னு தமிழ்லயே கத்துறான். தாங்கிப் பிடிச்சேன், அவன் என் தோளப் புடிச்சு இழுத்ததுல பேட்ஜ் பிஞ்சு பின்னு அவன் உள்ளங்கையில ஏறிடுச்சு. ரத்தம். அந்தக் கையோடயே விடியற வரைக்கும் என் சட்டைய விடல. காலையில டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து பித்தளை பாலிஷ் பிராசோ போட்டு பழைய டூத் பிரஷ்ஷால அந்த பேட்ஜத் தேய்ச்சேன், இடுக்குல இருந்த ரத்தம் போகவே ரொம்ப நேரமாச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு காப்பிக்கடையில ஒருத்தர் எதுக்க வந்து உக்காந்து உள்ளங்கைய விரிச்சுக் காட்டினாரு. சின்னத் தழும்பு. "பின்னு குத்தினது ஞாபகம் இருக்காண்ணே"ன்னாரு. கூட அவரோட பொண்ணு, ஸ்கூல் யூனிஃபார்ம்ல. அன்னிக்கு என் காப்பிக்கும் அவர்தான் காசு கொடுத்தாரு.

அந்த பேட்ஜோட துறைக் கொடியத்தான் உங்க ஆளு போலிஸ்னு எழுதிட்டாரு.

இது முதல் தடவையும் இல்ல. உங்க பேப்பர்ல எங்களப் பத்தி எழுதறப்ப பாதி நேரம் "வார்டன்"னு போடறீங்க. வார்டன்னா ஹாஸ்டல்ல இருக்கறவரு. எங்களுக்கு இருந்த பதவிப் பேரு வார்டர், நான் ரிடையர் ஆனது சீஃப் வார்டரா. இதப் பத்தி முன்னாடியே ரெண்டு லெட்டர் போட்டிருக்கேன், கிடைச்சுதுன்னு ஒரு வார்த்தை பதில் வரல. 2016ல பழைய சாங்கி சிறையோட வாசலையும் சுவரையும் தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சப்ப முழுப் பக்கம் போட்டீங்க, சந்தோஷம். 1936ல கட்டினது, ஜப்பான்காரன் காலத்துல யார் யாரையெல்லாம் உள்ள அடைச்சான், எல்லாம் இருந்துச்சு. அதே வாசல்ல தினம் சாவியோட நின்ன எங்களப் பத்தி ஒரு வரி இல்ல. நான் அந்த வாசல்ல எத்தனை மழை நனைஞ்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.

வெளியில மட்டும் என்ன வாழுது. எனக்குப் பொண்ணு பாத்தப்ப அந்த வீட்டு அம்மா "மாப்பிள்ளை ஜெயில்ல இருக்காராமே"ன்னு கேட்டு அந்தச் சம்பந்தமே நின்னு போச்சு. என் மகன் பள்ளிக்கூடத்துல அப்பா தொழில் பத்திக் கட்டுரை எழுதினப்ப பசங்க சிரிச்சாங்கன்னு, அடுத்த வருஷம் "என் அப்பா போலிஸ்"னு எழுதிட்டு வந்தான். நான் அவன ஒண்ணும் சொல்லல. ஆனா புள்ளை செஞ்சத ஒரு பத்திரிகை செய்யலாமா?

இன்னொண்ணு கேக்கறேன், மனசு தாங்காமதான் கேக்கறேன். 1963 ஜூலை 12ல புலாவ் செனாங் தீவுல கலவரம் நடந்துச்சு. கம்பி இல்லாம, பூட்டு இல்லாம, உழைப்பாலயே கைதிகளத் திருத்தலாம்னு நம்பி நடத்தின இடம். அங்க சூப்பரின்டென்டென்ட் டேனியல் டட்டனையும் அவர்கூட இருந்த அதிகாரிகளையும் கைதிங்க கொன்னாங்க. அதுல ஒருத்தர் பேரு ஆறுமுகம் வீரசிங்கம். நம்ம ஆளு. 18 பேர 1965ல தூக்குல போட்ட கதை எல்லாருக்கும் தெரியும், வீரசிங்கம் யாருன்னு எத்தனை தமிழருக்குத் தெரியும்? அவர் போலிஸ் இல்லீங்க, சிறை அதிகாரி. நான் வேலையில சேந்த புதுசுல ஒரு பெரியவர் எனக்கு பேட்ஜ் குத்தி விடறப்ப அந்தப் பேரச் சொல்லித்தான் குத்தினாரு.

மஞ்சள் ரிப்பன் நல்ல திட்டம், அதுல எனக்கு எந்த மாத்துக் கருத்தும் கிடையாது. 2004ல அதிபர் நாதன் அவர்கள் தொடங்கி வெச்ச நாள்லேர்ந்து வருஷா வருஷம் சட்டையில குத்திக்கறேன். வெளிய வந்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கன்னு ஊருக்கே சொல்ற ரிப்பன் அது. ஆனா அவன் வெளிய வர்ற நாள் வரைக்கும் உள்ள கூட இருந்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, இப்ப கொடியில இருக்கற பேரும் போச்சு.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. "படத்தில் இருந்தவர்கள் சிறைத்துறை அதிகாரிகள், அது சிறைத்துறைக் கொடி"ன்னு ஒரு திருத்தம் போடுங்க, கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டாலும் சரி. படத்த வெட்டி இதோட வெச்சிருக்கேன், கொடியச் சுத்தி சிவப்பு பேனாவுல வட்டம் போட்டிருக்கேன். முடிஞ்சா படத்த மட்டும் திருப்பி அனுப்பி வைங்க, கொடி தூக்கிட்டு நிக்கற தம்பி என்கிட்ட வேலை பழகினவன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சீஃப் வார்டர்,
பிடோக்