எரிமலையைக் காட்டித் தப்பிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கேயாவது எரிமலை வெடித்த செய்தி வந்தால், சபையில் ஆராதனை முடிந்த கையோடு ஒரு பேச்சு கிளம்புகிறது. "ஒரு எரிமலை கக்குகிற புகைக்கு முன்னால் மனிதன் விடுவது எம்மாத்திரம்? பூமி ஆண்டவர் கையில் இருக்கிறது, நாம் கவலைப்பட வேண்டாம்."

பூமி அவர் கையில்தான் இருக்கிறது. அவர் தொட்டால் மலைகள் புகையும் என்று 104ஆம் சங்கீதத்தில் நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் கணக்கு தவறு. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு சில பத்துக் கோடி டன். நாம் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடுவதோ 3,500 கோடி டன்னுக்கும் மேல்.

பிலிப்பைன்ஸின் பினடுபோ 1991 ஜூனில் வெடித்தபோது பூமி சூடாகவில்லை, குளிர்ந்தது. அது வீசிய கந்தக டை ஆக்சைடு மேலடுக்குக் காற்றில் நுண்துளிகளாகப் பரவி வெயிலை மறைத்ததால், உலக வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று வருடத்தில் அந்தத் திரை கலைந்துவிட்டது. நாம் விடும் கரியமில வாயு அப்படிக் கலையாது, நூற்றாண்டுகள் தங்கும்.

அன்று புயல் மழையில் ஊறிக் கனத்த சாம்பல் கூரைகளைச் சாய்த்துப் பலரைக் கொன்றது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் பல்லாயிரம் பேர் பிழைத்தார்கள். அந்த எச்சரிக்கையும் தேவன் தந்த அறிவுதான் என்று நம்புகிறேன்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தானே மனிதனை வைத்தார்? சரி, எரிமலையை நம்மால் அடக்க முடியாது. நம் வீட்டுப் புகையை, ஆலய வளாகத்தில் கொளுத்தும் குப்பையை நிறுத்தலாமே. போதகர்கள் இதைப் பிரசங்கத்தில் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்