அன்னதான அடுப்படியில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

திருவிழா அன்னதானம் நல்லபடியாக முடிந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்ற பேச்சே எழவில்லை. அதற்குக் காரணமானவர்கள் பலர் பந்தியில் கண்ணில் படாதவர்கள்.

முதல் நன்றி சமையல் மாஸ்டருக்கு. விடியுமுன்னே மொத்த அரிசியையும் வடித்து அண்டாவில் மூடிவைப்பதுதான் வழக்கம். பந்திக்குப் பந்தி புதிதாக வடித்துத் தர அவர் சம்மதித்தார். அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, செரூலைடு என்ற நச்சை உண்டாக்கும். 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நச்சு அழியாது. அப்புறம் எத்தனை தடவை சுடவைத்து என்ன பயன்? சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும்.

புளியோதரைச் சாதத்தைத் தாம்பாளங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஃபேனில் ஆற்றி, உடனுக்குடன் புளிக்காய்ச்சல் கலந்த அக்காமார்களுக்கு நன்றி. புளிப்பு ஏறிவிட்டால் அந்தக் கிருமி எளிதில் பெருகாது. வெறும் சாதமாகக் கிடக்கும் நேரம்தான் ஆபத்து.

விரலில் கட்டுப் போட்டிருந்த தம்பி, சொன்னதும் கரண்டியைக் கொடுத்துவிட்டு வாசல் வேலைக்குப் போனார். புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பால்பாயசத்தில் விழுந்து, பாயசம் சில மணி நேரம் வெளியே இருந்தால் போதும், நச்சு உண்டாகிவிடும். அந்த நச்சும் கொதிக்கு அடங்காதது. பாலையும் தயிரையும் 5 டிகிரிக்குக் கீழே வைக்க ஐஸ் கட்டி தந்தவருக்கும் நன்றி.

சாம்பார் அண்டாவின் நடுவில் தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தபடியே இருந்த கல்லூரி மாணவிகளை மறக்க முடியாது. 60 டிகிரியை நெருங்கினாலே மறுபடி அடுப்பில் ஏற்றச் சொன்னார்கள். ஓரம் ஆறினாலும் பெரிய அண்டாவின் நடு சீக்கிரம் ஆறாது; வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 43 முதல் 47 டிகிரிச் சூட்டில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இதன் நச்சு பெரும்பாலும் நம் குடலுக்குள்தான் உருவாகும். அதனால் இதற்கு மட்டும் மறுகொதி உதவும்: அடிவரை கிளறி, நடுவிலும் 75 டிகிரி தாண்ட வேண்டும்.

மிஞ்சிய சாம்பாரை இரவுக்கு வைக்காமல் கொட்டச் சம்மதித்த பெரியவர்களுக்குத் தனி வணக்கம். அன்னத்தைக் கொட்ட யாருக்கும் மனசு வராது.

தெர்மாமீட்டர்கள் மண்டப ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. வீட்டு விசேஷங்களுக்கு எடுத்துப் போகலாம். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் முக்கி 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அன்புடன்,
அன்னதானக் குழுவினர்