கேமைத் திறந்து பார்க்கச் சொல்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது பேப்பரைக் கையில் எடுத்தால் வரி விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறார். உன்னையும் விசாரித்தார். பதவி உயர்வோடு நீ ஈரோட்டுக்கே திரும்பி வந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, கேம் விளையாடினால் போதாது, தானே ஒன்று செய்ய வேண்டும் என்கிறாள். கடையில் 400 கேம் அடங்கிய கையடக்க வீடியோ கேம் பார்த்தேன், வாங்கித் தரட்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். நாம் டிவியில் கேசட் சொருகி விளையாடிய மாரியோ, கான்ட்ரா போன்றவற்றை ஒரு டப்பாவுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விளையாட நன்றாக இருக்கும். ஆனால் அதில் அவளால் ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது. அவள் கேட்பது அதுவல்லவே.

அவள் கேட்பதற்கென்றே ஒரு தனி வகை இருக்கிறது. பெரிய கம்பெனிகள் செய்தவை அல்ல. ஆர்வத்தில் தனி ஆட்கள் செய்து, சர்க்யூட்டையும் புரோகிராமையும் ஊருக்கே கொடுத்துவிட்ட சின்னஞ்சிறு கேம் கருவிகள். சில வருஷங்களாக என் மாலை நேரமெல்லாம் இவற்றோடுதான் போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எனக்கு மிகவும் பிடித்தது யூஸ்பாக்ஸ். 2008-ல் அலெக் பூர்க் என்பவர் வெளியிட்டார். முக்கியமாக இரண்டே சிப். ஒன்று அட்மெகா 644 என்ற சாதாரண 8-பிட் சிப். இன்னொன்று நிறங்களை டிவிக்குப் புரியும் சிக்னலாக மாற்றித் தருவது. படம் வரைய வேறு சிப் எதுவும் கிடையாது. அப்படியானால் திரையில் படம் எப்படி வருகிறது? அந்த ஒரே சிப், டிவி ஒவ்வொரு கோடாகக் கீழிறங்கும்போது, அந்தந்தக் கோட்டுக்கான நிறங்களைத் தானே அந்தந்தக் கணத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸுக்கு என்று செய்த சிப்பை 28.6 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள். அமெரிக்க டிவி முறையில் நிறத்துக்கென்று உள்ள அலைவரிசையின் சரியாக 8 மடங்கு அது. ஒரு கோட்டுக்குக் கிடைப்பது சுமார் 63.5 மைக்ரோ விநாடி, அதாவது 1820 கிளாக் துடிப்புகள். ஒரு துடிப்பு முன்பின் ஆனாலும் படம் நடுங்கும்.

இதில் நினைவகக் கணக்கைப் பார், நீ வங்கிக்காரன், ரசிப்பாய். திரை 240-க்கு 224 புள்ளிகள் என்று வைத்துக்கொள். புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 53,760 பைட் வேண்டும். கையில் இருப்பது 4,096. அதனால் திரையை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். குறுக்கே 30, நெடுக்கே 28, மொத்தம் 840 கட்டம். எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 840 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிடும். மரம், சுவர், மேகம் ஆகிய படங்களெல்லாம் அழியாத நினைவகத்தில் இருக்கும். யார் எங்கே நகர்ந்தான், எது எதில் மோதியது என்ற கேமின் கணக்கு முழுக்க, ஒரு படம் வரைந்து முடித்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நடக்கிறது. சத்தமும் அதே சிப்தான். நாம் டிவி முன் உட்கார்ந்து விளையாடிய காலத்தில், இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. இங்கே அதன் ஒவ்வொரு வரியும் திறந்தே கிடக்கிறது. உட்கார்ந்து படித்தால் ஒரே ஆளுக்கு முழு மெஷினும் புரிந்துவிடும். இப்போது நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் போனைப் பற்றி யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் பாப்பாவுக்கு யூஸ்பாக்ஸை முதலிலேயே கொடுக்கச் சொல்லமாட்டேன். சால்டர் பிடிக்க, அதாவது வயரை ஈயம் உருக்கி ஒட்டத் தெரிய வேண்டும், புரோகிராம் எழுத சி மொழி வேண்டும், டிவியும் அமெரிக்க முறை சிக்னலை ஏற்பதாக இருக்க வேண்டும். அது பிறகு.

ஆர்டுபாய் என்ற கையடக்கக் கருவி இதைவிட எளிது. அமெரிக்காவில் போர்ட்லாந்தைச் சேர்ந்த கெவின் பேட்ஸ் 2014-ல் ஒரு விசிட்டிங் கார்டு செய்தார், டெட்ரிஸ் விளையாடக்கூடிய விசிட்டிங் கார்டு. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்கும் வேண்டும் என்று கேட்க, அதை ஆர்டுபாய் என்ற கருவியாக்க 2015-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டினார். 4 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கிரெடிட் கார்டு அளவுதான். கறுப்பு வெள்ளைத் திரை, 128-க்கு 64 புள்ளி. நாலு திசை பட்டன், ஏ, பி என்று இரண்டு. நினைவகம் இரண்டரை கிலோபைட், அதாவது 2,560 பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் திரைக்கே 1,024 பைட் போய்விடும். மிச்சம் 1,536 பைட்டில்தான் எதிரிகள், குண்டுகள், உயிர்கள், மதிப்பெண் எல்லாம் நடமாட வேண்டும். அதிலேயே நிலவறைக்குள் அலையும் கேம், கார் ஓட்டும் கேம் என்று எத்தனையோ செய்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, செய்தவர்களில் ஏராளமானோர் புரோகிராமையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள் என்பது. விளையாடிப் பார்த்துவிட்டு, இவன் எப்படிக் குதிக்கிறான் என்று அந்த வரிக்கே போய்ப் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஆர்டுபாயில் இருக்கும் அதே அட்மெகா 32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ என்ற சின்ன போர்டும், 128-க்கு 64 ஓஎல்இடி திரையும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஆறு பட்டன், ஒரு சின்ன பஸ்ஸர், கொஞ்சம் வயர், அவ்வளவே. ஒன்று மட்டும் கவனி: திரையில் நாலு பின் உள்ளது, ஏழு பின் உள்ளது என்று இரண்டு வகை கொடுப்பார்கள். ஏழு பின் உள்ளதையே வாங்கு. நாலு பின் திரைக்குத் தகவல் மெதுவாகப் போகும், கேமின் வேகம் அடிபடும்.

அப்புறம் பிகோ-8. முதல் நாளே எதையாவது தொட வேண்டும் என்றால் இதுதான். கையில் பிடிக்கிற கருவி இல்லை; ஜோசப் ஒயிட் என்பவர் 2015-ல் வெளியிட்ட, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் கற்பனைக் கருவி. இருந்ததே இல்லாத ஒரு பழைய மெஷினுக்கு அவரே விதி வகுத்தார்: 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், நாலு சேனல் சத்தம், 32 கிலோபைட் கேசட். எழுதுவது லுவா மொழியில், அது சி-யைவிட இலகு. படம் வரைய, இசை போட, வரைபடம் அமைக்க எல்லாமே உள்ளேயே இருக்கிறது. காசு கட்டி வாங்குவது ஒன்று. கற்பவர்களுக்காக உலாவியிலேயே ஓடும் இலவசப் பதிப்பும் ஒன்று உண்டு. முழுக்க இலவசமாகவும், அதன் புரோகிராமே எல்லோருக்கும் திறந்ததாகவும் வேண்டும் என்றால் இதே மாதிரி டிக்-80 இருக்கிறது.

பிகோ-8-ல் கேசட் என்பது ஒரு படம். உண்மையாகவே படம்தான், 160-க்கு 205 புள்ளி அளவில் ஒரு பிஎன்ஜி கோப்பு. பார்த்தால் கேசட் உருவமும் மேலே ஒரு லேபிளும் தெரியும். கேம் அந்தப் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நாலு எண் உண்டல்லவா? ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு பிட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியாது. புள்ளிக்கு ஒரு பைட் கிடைத்துவிடும். 160-ஐ 205-ஆல் பெருக்கிப் பார், 32,800. 32 கிலோபைட் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாப்பா தன் கேமைத் தோழிகளுக்கு அனுப்பும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பக் கூடாது. அது படத்தைச் சுருக்கும்போது அந்தக் கடைசி பிட்டுகள்தான் முதலில் பலியாகும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்.

இன்னொன்று. அதில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே எஸ்கேப் பட்டனைத் தட்டி நிறுத்தி, இன்னொரு தட்டில் அந்த கேமின் புரோகிராமுக்குள் போய்விடலாம். யாருடைய கேமாக இருந்தாலும் சரி. ஈர்ப்பு விசைக்கு எழுதியிருக்கும் எண்ணைப் பாதியாக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆள் நிலாவில் நடப்பதுபோல் மிதப்பான். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் மூடி ஒட்டிய டப்பாவாகவே பார்த்து வளர்கிறார்கள். உள்ளே போகலாம், கை வைக்கலாம், கெட்டால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம் என்பதை இந்த ஒரு பட்டன் சொல்லித் தந்துவிடும். நான் இவற்றின் மேல் இவ்வளவு பிரியமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். அதனால் அவளை வெற்றுத் திரையின் முன் உட்கார வைத்து "கேம் எழுது" என்று சொல்லாதே. பிடித்த கேம் ஒன்றை எடுத்து, திறந்து, ஒரு எண்ணை மாற்றச் சொல். அடுத்த நாள் எதிரியின் படத்தை மாற்றட்டும். பிறகு விதியையே மாற்றட்டும். செலஸ்ட் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட கேம் தெரியுமா? மேடி தோர்சனும் நோயல் பெரியும் அதை முதலில் பிகோ-8-ல் நாலே நாளில்தான் செய்தார்கள். பெரிய கேமாக வந்தது 2018-ல். அந்தப் பழைய சின்ன வடிவத்தையும் அதற்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் சொந்தச் செய்தி. ஆர்டுபாயில் தமிழ் எழுத்து வரவைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். மேலிருந்து மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாக விழும். க் விழுந்தால், கீழே இ-யைத் தேர்ந்தெடுத்து அதோடு சேர்க்க வேண்டும், கி ஆகிவிடும். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. ஆங்கிலத்துக்கு எட்டுப் புள்ளி உயரம் தாராளம். நமக்கு அது போதாது. ண-வின் சுழிகளுக்கே இடம் இல்லை. அதனால் 16-க்கு 16 என்று முடிவு செய்தேன். ஒரு எழுத்துக்கு 32 பைட். 247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. உயிரும் ஆய்தமும் 13, அகர உயிர்மெய் 18, உகர ஊகார வரிசை 36, கால், இரண்டு கொம்பு, ஐகாரக் குறி சேர்ந்து 4, புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் 3, தனியாக டி, டீ. மொத்தம் 76 வடிவம். கொ என்றால் மூன்று துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் ணா, றா, னா, லை, ளை ஆகியவற்றின் பழைய தனி உருவங்களும் சேர்ந்து பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். 76-க்கு 2,432 பைட். இருக்கிற 2,560-ல் அதை வைக்க முடியாது. எனவே புரோகிராம் இருக்கும் 32 கிலோபைட்டில் அதை வைத்து, தேவையான எழுத்தை மட்டும் எடுத்து வரைகிறேன்.

உகர ஊகார வரிசைதான் படுத்துகிறது. ணூ, றூ, னூ மூன்றும் இந்த அளவில் ஒன்றுபோலவே தெரிகின்றன. பாப்பா மார்கழியில் புள்ளிக் கோலம் போடுகிறவள். கட்டத்தில் கண்ணை வைத்து வளைவைக் கொண்டுவர என்னைவிட அவளுக்கு நன்றாக வரும் என்று நம்புகிறேன். கிராஃப் பேப்பரில் 16 கட்டம் அளந்து, அந்த 36 எழுத்தையும் வரைந்து பார்க்கச் சொல்கிறாயா? கட்டம் முழுக்கக் கறுப்பு, அல்லது முழுக்க வெள்ளை, பாதி கூடாது. அவள் பெயர் கேமின் முதல் திரையிலேயே வரும், அதற்கு நான் பொறுப்பு.

மே மாதம் இரண்டாவது வாரம் குடும்பத்தோடு ஈரோடு வருகிறோம். ப்ரோ மைக்ரோவும் திரையும் நானே ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவிடுகிறேன். சால்டரிங் அயர்னும் கொண்டு வருவேன், நீ எதுவும் வாங்கி வைக்க வேண்டாம். அதற்குள் அவள் பிகோ-8-ல் எதையாவது மாற்றியிருந்தால் அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல். தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்